அசையாமல் உட்கார்ந்தால் ஆளே இல்லையாம்! ஆபீஸ் சென்சாரோடு மல்லுக்கட்டுபவர்கள் இங்கே வரவும்

ராச்சோறு:

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு எட்டாவது மாடி ஆபீஸ். பெயர் வேண்டாம், சோறு போடுகிற இடம். போன வருடம் இதை ஸ்மார்ட் கட்டடம் என்று சொல்லி ரிப்பன் வெட்டி ஆளுக்கு ஒரு கப் கேசரி கொடுத்தார்கள். அன்றிலிருந்து எனக்கும் அந்தக் கட்டடத்துக்கும் ஒத்துவரவில்லை.

நான் ராத்திரி ஷிஃப்ட். பதினொரு மணிக்கு மேல் எங்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான். ஏதாவது ஒரு பிழையைத் துரத்திக்கொண்டு திரையை முறைத்தபடி உட்கார்ந்திருப்பேன், பட்டென்று விளக்கு அணைந்துவிடும். இருட்டில் கையைத் தூக்கி ஆட்ட வேண்டும், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. சில நாள் எரியும். பல நாள் எவ்வளவு ஆட்டினாலும் எரியாது, எழுந்துபோய்க் கதவைத் திறந்தால்தான் எரியும். நேற்று மட்டும் ஏழு தடவை. மேலே கூரையில் பாதி முட்டை ஓட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி வெள்ளையாக ஒன்று இருக்கிறது, அதுதான் சென்சாராம்.

அது உண்மையில் எதைத்தான் பார்க்கிறது? கேமராவா? நான் இருப்பது தெரிகிறதா, நான் யார் என்பதும் தெரிகிறதா? மேனேஜர் வேறு "யார் எவ்வளவு நேரம் சீட்டில் இருக்கிறார்கள் என்று சிஸ்டத்துக்குத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். விளக்குக்கே நான் தெரியவில்லை, சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்ரைசல் மாதம், அடக்கிக்கொண்டேன்.

சில்லர்சித்தப்பா:

18 வருடமாக இதே பிழைப்பு. ஆறு வருடம் தோஹா, மீதி சென்னை. ஏ.சி. பிளான்ட்டில் ஆரம்பித்து இப்போது பி.எம்.எஸ். பார்க்கிறேன், அதாவது கட்டடத்தின் ஏ.சி., விளக்கு, பம்பு எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்த்து ஓட்டுகிற வேலை.

தம்பி சொல்கிற முட்டை ஓடு பி.ஐ.ஆர். சென்சார். கேமரா இல்லை, பயப்பட வேண்டாம். உள்ளே பொடிசாக இரண்டு துண்டு இருக்கும், வெப்பக் கதிர் கூடிக் குறைந்தால் மின்சாரம் காட்டுகிற பொருள். நம் உடம்பு 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி அகச்சிவப்புக் கதிரை விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த ஓட்டை உற்றுப் பார்த்தால் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும், ஒவ்வொரு கட்டமும் ஒரு லென்ஸ், எல்லாம் சேர்ந்து அறையைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து வைத்திருக்கும். நீங்கள் ஒரு கீற்றிலிருந்து அடுத்த கீற்றுக்கு நகர்ந்தால் ஒரு துண்டில் சூடு ஏறும், மற்றதில் இறங்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஆள் வந்தாச்சு என்று முடிவு கட்டுகிறது. அசையவில்லை என்றால் வித்தியாசம் இல்லை, நீங்களும் உங்கள் நாற்காலியும் அதற்கு ஒன்றுதான். நீங்கள் ராச்சோறா, சி.இ.ஓ.வா, பூனையா என்பதெல்லாம் அதன் சிலபஸிலேயே கிடையாது.

இன்னொரு கூத்து. கத்திரி வெயிலில் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இதே சென்சார் வேலை செய்யவில்லை என்று போன் வரும். தரையும் சுவரும் சூடேறி நம் தோலின் சூட்டை ஒட்டி வந்துவிட்டால் பின்னணிக்கும் ஆளுக்கும் வித்தியாசம் இருக்காதே, எதை வைத்துக் கண்டுபிடிக்கும்? ராத்திரி தரை ஆறின பிறகு அதே சென்சார் ஒழுங்காக வேலை செய்யும், நான் போய் ஒன்றுமே செய்யாமல் டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது ரேடார் சென்சார் வந்திருக்கிறது. மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குகிற அசைவையே பிடித்துவிடும். விலை கூட, ஓடுகிற ஃபேனையும் ஆடுகிற திரைச்சீலையையும் ஆள் என்று நினைத்துக்கொள்கிற வியாதியும் உண்டு.

ஒரு சந்தேகம். சில நாள் எரியும், பல நாள் எரியாது என்கிறீர்களே, எரிகிற நாளில் வேறு என்ன மாறியிருக்கிறது? கவனித்துச் சொல்லுங்கள்.

ஸ்வெட்டர்சுந்தரி:

விளக்கு பரவாயில்லை சித்தப்பா, கையை ஆட்டலாம். குளிருக்கு எதை ஆட்டுவது? மே மாதம் வெளியே தார் உருகுகிறது, உள்ளே நான் ஸ்வெட்டர், அதற்கு மேல் துப்பட்டா, விரல் விறைத்து டைப் அடிக்க வரவில்லை. பக்கத்து வரிசையில் ஒருவர் முழுக்கை மடித்துவிட்டு "கொஞ்சம் புழுக்கமா இல்ல?" என்கிறார்.

இதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது, 2015-இல் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இரண்டு பேர் நேச்சர் குழும இதழ் ஒன்றில் எழுதினார்கள். ஆபீஸ் வெப்பநிலைக் கணக்கு 1960களில் போட்டது, அதில் மனிதன் என்றால் 40 வயது, 70 கிலோ ஆண். பெண்ணின் உடம்பு விடுகிற சூட்டை அந்தக் கணக்கு 35 சதவீதம் வரை கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. ஆக, இந்த ஸ்மார்ட் சென்சார் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் கடைசியில் கொண்டுபோய் நிறுத்துவது அந்த 70 கிலோ ஐயாவுக்குப் பிடித்த இடத்தில்.

எங்கள் ஃப்ளோரில் தூணில் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது. ஈர டிஷ்யூவைச் சுற்றி வைத்தேன், அது ரொம்பக் குளிர் என்று நினைத்து ஏ.சி.யைக் குறைக்கும் என்று. ஒன்றும் நடக்கவில்லை. எண்ணைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒன்றுதான். ஏன்?

சில்லர்சித்தப்பா:

அம்மா, கோபித்துக்கொள்ளக் கூடாது. அது டம்மியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஒயரே இருக்காது. சண்டை போடுகிற இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு டம்மியை மாட்டிவிட்டால் புகார் குறையும் என்பது எங்கள் தொழிலில் ஊரறிந்த ரகசியம், அமெரிக்காவிலும் இதே கதைதான். நானும் மாட்டியிருக்கிறேன், மூன்று. ஒருவர் வந்து "இப்போதான் சரியாச்சு" என்று கைகொடுத்துவிட்டுப் போனார்.

நிஜ தெர்மோஸ்டாட்டுக்கு வேறு துன்பம். ஓர் இடத்தில் ஃப்ளோர் முழுக்க ஐஸ் பெட்டி மாதிரி ஆகிறது, திரையில் பார்த்தால் 28 டிகிரி காட்டுகிறது. ஒரு வாரம் சில்லரை, அதாவது கட்டடத்துக்கே குளிர் தருகிற இயந்திரத்தை, திட்டினோம். கடைசியில் போய்ப் பார்த்தால் தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே யாரோ ஒரு கெட்டிலை வைத்து வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். ஆவி நேராக மேலே. ஒரு கெட்டில் அறுபது பேரை நடுங்க வைத்தது.

மூணாம்மாடி:

விளக்கும் குளிரும் சின்ன விஷயம். எல்லோரும் சிரிக்கிறீர்கள், மேனேஜர் சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆம்ஸ்டர்டாமில் தி எட்ஜ் என்று ஒரு கட்டடம் இருக்கிறது, 2014-இல் முடித்தது, டெலாய்ட் என்கிற தணிக்கை நிறுவனம் குடியிருக்கிறது. ஏறக்குறைய 28,000 சென்சார். விளக்குகளுக்குக் கரன்ட்டே நெட்வொர்க் கேபிள் வழியாகப் போகிறது, விளக்குக்குள்ளேயே அசைவு, வெளிச்சம், வெப்பம், ஈரப்பதம் அளக்கிற சென்சார். பசுமைக் கட்டட மதிப்பீட்டில் 100-க்கு 98.36 வாங்கியது, அதை மறுக்கவில்லை. ஆனால் 2,500 பேருக்கு அங்கே 1,000 மேசைதான். யாருக்கும் சொந்த இடம் கிடையாது, இன்று எங்கே உட்காரலாம் என்று ஆப் சொல்லும், உங்களுக்குப் பிடித்த வெளிச்சமும் சூடும் அதற்கு ஞாபகம் இருக்கும். சித்தப்பாவின் முட்டை ஓடு யாரென்று தெரியாமல் இருக்கலாம். ஆப்பும் ஐ.டி. கார்டும் வைஃபையும் சேர்ந்தால் தெரிந்துவிடும். ஒவ்வொன்றும் தனித்தனியாக அப்பாவி, சேர்த்து வைத்தால் உளவாளி.

லண்டனில் டெய்லி டெலிகிராப் நாளிதழில் 2016 ஜனவரியில் என்ன ஆனது? திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் மேசைக்கு அடியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அசைவும் சூடும் பார்க்கிற சென்சார். மின்சாரச் சிக்கனத்துக்காக என்றார்கள். பத்திரிகைக்காரர்களாயிற்றே, விடுவார்களா? அன்று சாயங்காலத்துக்குள் கழற்ற வைத்துவிட்டார்கள்.

அதுவும் நம் சித்தப்பா சொல்கிற அதே வகை சென்சார்தான். யாரென்று தெரியாதுதான். ஆனால் மேசை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியுமே.

ராச்சோறு:

மூணாம்மாடி, வயிற்றில் புளியைக் கரைக்கிறீர்கள். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். ஒரு பழைய சூயிங்கம்தான் இருந்தது.

திண்ணைவாசி:

நம் முன்னோர்கள் எந்தச் சென்சாரும் இல்லாமல் முற்றம், தாழ்வாரம், திண்ணை வைத்துக் கட்டினார்கள். வீடே மூச்சு விட்டது. ஏ.சி.யும் தேவைப்படவில்லை, கை ஆட்டவும் தேவைப்படவில்லை. கண்ணாடிப் பெட்டியைக் கட்டிவிட்டு அதைக் குளிர வைக்க ஒரு மூளையா? சிரிப்புதான் வருகிறது.

வரைபலகை:

திண்ணைவாசி ஐயா, நான் கட்டடக்கலை படித்தவள், காரைக்குடிப் பக்கத்து வீடுகளை அளந்து வரைந்திருக்கிறேன். முற்றம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டிலும் சென்சார் இருந்தது, அதன் பெயர் ஆச்சி. மழை வந்தால் முற்றத்தில் காய்கிற வற்றலை எடுக்க, வெயில் ஏறினால் தட்டியை இறக்க, சாயங்காலம் தண்ணீர் தெளிக்க என்று நாள் முழுக்க ஒரு ஆள் வீட்டை ஓட்டிக்கொண்டே இருந்தார். எட்டு மாடி ஆபீஸுக்கு அப்படி ஆச்சியைப் பிடிக்க முடியாது. கண்ணாடிப் பெட்டி பற்றிச் சொன்னீர்களே, அதற்கு மட்டும் இரண்டு கையும் தூக்குகிறேன்.

அந்தத் தட்டியை இறக்குகிற வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பாரிசில் அரபு உலக நிறுவனம், ழான் நூவெல் வடிவமைத்தது, 1987. தெற்குச் சுவரில் 240 பலகைகள், ஒவ்வொன்றிலும் கேமராவுக்குள் இருப்பது போன்ற உலோக இதழ்கள், வெயில் கூடினால் சுருங்கும், மங்கினால் விரியும். கட்டியபோது உலகமே வாய் பிளந்தது. ஆனால் அத்தனை இதழுக்கும் மோட்டார், பல்சக்கரம், தேய்மானம் உண்டல்லவா, போகப் போக நிறைய இதழ்கள் சிக்கி நின்றுபோயின. பிறகு செப்பனிட வேண்டியிருந்தது.

அபுதாபியில் அல் பஹர் இரட்டைக் கோபுரம், 2012, வேறு வழியில் போனது. ஒவ்வொரு கோபுரத்திலும் ஆயிரத்துக்கு மேல் மடங்கும் குடைகள், வெயில் படுகிற பக்கம் விரிந்து, சூரியன் நகர நகர மூடிக்கொண்டே போகும். இங்கே எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு நொடியும் வெயிலை அளந்து பதறாமல் சூரியன் எந்த நேரம் எங்கே இருக்கும் என்கிற கணக்கை வைத்து ஓட்டுவது. சூரியன் என்றைக்காவது லீவு போட்டிருக்கிறதா? தெரிந்த விஷயத்துக்குச் சென்சார் வைக்க வேண்டியதில்லை, காற்று, மேகம் மாதிரி தெரியாததற்கு வைத்தால் போதும்.

சில்லர்சித்தப்பா:

வரைபலகை சொன்ன தேய்மானம்தான் என் முழு வாழ்க்கையும்.

நிஜமாக நடந்தது சொல்கிறேன். 24 மணி நேரமும் ஆள் இருக்கிற ஒரு கால் சென்டர். தலைவலி, தூக்கம், கொட்டாவி என்று ஒரே புகார். திரையில் கார்பன் டை ஆக்சைடு 850 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 850 பங்கு), பச்சை நிறம், எல்லாம் சுகம். வெளிக்காற்றில் இப்போது 420 சொச்சம் இருக்கும், உள்ளே 1,000-க்குள் இருந்தால் போதும் என்று பெரும்பாலும் வைத்துக்கொள்வோம். நாம் விடுகிற மூச்சில் அது கிட்டத்தட்ட 4 சதவீதம், அதாவது 40,000 பி.பி.எம்., அதனால் கூட்டம் கூடக் கூட அறையில் எண் ஏறும், அதைப் பார்த்து வெளிக்காற்றை உள்ளே விடுகிற டேம்பரை, அதாவது தகட்டுக் கதவை, திறக்க வேண்டும். நியாயமான ஏற்பாடு. தலை எண்ண வேண்டாம், யாரென்று கேட்க வேண்டாம், மூச்சை வைத்தே கணக்கு.

என் கையில் இருந்த மீட்டரை வைத்தேன். 1,350.

ஏன் என்று தேடினால், அந்த வகை சென்சார் பலவற்றில் தன்னைத்தானே திருத்திக்கொள்கிற ஏற்பாடு உண்டு. சில நாளுக்குள் தான் பார்த்த மிகக் குறைந்த அளவு எதுவோ அதை வெளிக்காற்று என்று வைத்துக்கொள்ளும், ஏனென்றால் ஆபீஸ் என்றால் ராத்திரியும் ஞாயிறும் காலியாக இருக்கும், காற்று சுத்தமாகும் என்பது அதன் நம்பிக்கை. இந்த ஆபீஸ் காலியாவதே இல்லை. அதிகாலை நாலு மணிக்குக்கூட 900-க்குக் கீழே இறங்காது. சென்சார் அந்த 900-ஐயே 400 என்று எடுத்துக்கொண்டு, மேலே எல்லாவற்றிலும் 500-ஐக் கழித்துக்கொண்டே பல மாதம் ஓட்டியிருக்கிறது. பழுது கிடையாது, கம்பெனி சொன்னபடி அச்சுப் பிசகாமல் வேலை செய்தது.

கதை முடியவில்லை. திருத்தத்தை அணைத்து சரியாகக் காட்ட வைத்தோம், திரையில் டேம்பர் 60 சதவீதம் திறந்தது. ஆனால் மீட்டரில் எண் இறங்கவில்லை. ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலையை விட்டுப் பார்த்தால், மோட்டார் சுற்றுகிறது, தகட்டோடு சேர்க்கிற கம்பி கழன்று தொங்குகிறது, தகட்டை யாரோ கட்டுக் கம்பியால் இறுக்கிக் கட்டி மூடி வைத்திருக்கிறார்கள். வெளிக்காற்று வந்தால் சென்னையில் ஈரத்தோடு வரும், அந்த ஈரத்தைப் பிழிந்து எடுக்கச் சில்லருக்குக் கரன்ட் போகும், பில் ஏறும். எந்த வருடத்திலோ எந்தப் புண்ணியவானோ பில்லைக் குறைக்கச் செய்த வேலை. கம்பியில் துரு ஏறிப் போயிருந்தது. சென்சாருக்கு 400 தான் வெளி, திரைக்கு 60 தான் திறப்பு. யாரும் பொய் சொல்லவில்லை பாருங்கள்.

சிராங்கூன்காரன்:

சிங்கப்பூரிலிருந்து. இங்கேயும் மால், நூலகம் எங்கே போனாலும் ஜாக்கெட் வேண்டும். ஆனால் 2019-இல் என்.யு.எஸ். பல்கலைக்கழகத்தில் எஸ்.டி.இ.4 என்று ஒரு கட்டடம் திறந்தார்கள், போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காற்றை அவ்வளவாகக் குளிர்விக்காமல் கொஞ்சம் வெதுவெதுப்பாகவே அனுப்பி, மேலே ஃபேனைச் சுற்ற விடுகிறார்கள். ஸ்வெட்டர் சகோதரிக்குப் பிடிக்கும். ஃபேன் என்றதும் நம் ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள், "என்னடா இது ஸ்கூல் மாதிரி" என்று.

இந்தியாவில் அறை ஏ.சி. எல்லாம் 2020 ஜனவரி 1-லிருந்து போட்டதும் 24-இல் தொடங்க வேண்டும் என்று கொண்டுவந்தார்களே, ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் மிச்சம் என்று. அம்மா வீட்டில் புது ஏ.சி. அப்படித்தான் வந்தது. அண்ணன் போட்டதும் 18-க்கு இறக்கிவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொள்கிறான்.

மூணாம்மாடி:

இன்னொன்று விட்டுப்போனது. 2013-இல் அமெரிக்காவில் டார்கெட் கடைகளின் ஏ.சி. சிஸ்டத்தை ஹேக் செய்து 4 கோடி கார்டு விவரங்களைத் திருடினார்கள். ஏ.சி.யை நெட்டில் மாட்டினால் இதுதான்.

சில்லர்சித்தப்பா:

இதை எல்லோரும் தப்பாகச் சொல்கிறார்கள் சகோ. ஏ.சி. சிஸ்டம் வழியாகப் போகவில்லை. ஏ.சி. வேலை பார்த்த ஒப்பந்தக்காரரின் லாகின் திருடு போனது, பில் மாதிரி சமாச்சாரங்களுக்காக அவருக்குக் கொடுத்திருந்த லாகின். அதை வைத்து உள்ளே நுழைந்தார்கள். பாவம், சில்லர் மேல் பழி. ஆனால் உங்கள் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். பி.எம்.எஸ்.ஸில் கருவிகள் பேசிக்கொள்கிற மொழியான பேக்நெட் 1995-இல் வந்தது, மாட்பஸ் 1979. யார் கேட்டாலும் பதில் சொல்கிற காலத்து மொழிகள். பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டி வைத்திருக்கிற பிளான்ட் ரூம்களை நான் பார்த்திருக்கிறேன், எண்ணிக்கை சொல்ல மாட்டேன்.

ராச்சோறு:

சித்தப்பா, மூன்று ராத்திரி கவனித்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கதவு திறந்திருக்கிற நாளில் கை ஆட்டினால் எரிகிறது. மூடியிருந்தால் எரிவதில்லை. கதவும் சுவரும் கண்ணாடிதான், சென்சார் வெளியே கூரையில் இருக்கிறது, என் நாற்காலியிலிருந்து அந்த முட்டை ஓடு பளிச்சென்று தெரிகிறது. எனக்கு அது தெரியும்போது அதற்கு நான் தெரியாதா?

சில்லர்சித்தப்பா:

தெரியாது! அடடா, முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தைத்தான் விடும், உடம்புச் சூட்டின் கதிரை விடாது. நமக்குக் கண்ணாடி, அதற்குச் செங்கல் சுவர். முதலில் அது திறந்த ஹாலாக இருந்திருக்கும், சென்சார் போட்டது அந்த வரைபடத்துக்கு. பிறகு யாரோ கேபின் கேட்டிருப்பார்கள், இன்டீரியர்காரர் வந்து கண்ணாடியை நிறுத்திவிட்டுப் போயிருப்பார், சென்சாரை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கேபின் எப்போது வந்தது?

ராச்சோறு:

ரிப்பன் வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்னால்.

வரைபலகை:

எங்கள் ஆட்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்வெட்டர்சுந்தரி:

நான் தூணில் இருந்ததைக் கழற்றிப் பார்த்துவிட்டேன். ஒயர் இல்லை. பின்னால் இரண்டு ஸ்க்ரூ, ஒரு செத்த பல்லி.

ராச்சோறு:

கடைசியாக ஒரு தகவல். டிக்கெட் போட்டேன், சித்தப்பா சொன்ன மாதிரியே எழுதி, கேபினுக்குள் ஒரு சென்சார் வேண்டும் என்று. பகல் பதினொரு மணிக்கு ஃபெசிலிட்டி ஆள் வந்து, ஹாலில் சென்சாருக்குக் கீழே இப்படியும் அப்படியும் நடந்து பார்த்திருக்கிறார். "சென்சார் நன்றாக வேலை செய்கிறது, புகார் முடிக்கப்பட்டது" என்று மெயில் வந்தது. மறுபடி போட்டிருக்கிறேன். உள்ளே புதிது மாட்ட மூன்று கையெழுத்து வேண்டுமாம்.

இடையில் ஒரு ஏற்பாடு. ராத்திரி செக்யூரிட்டி அண்ணன் ரவுண்ட்ஸ் வருவார், அவர் ஹாலில் காலை வைத்ததும் என் கேபினும் சேர்ந்து எரியும். முன்பு மணிக்கு ஒரு தடவை வந்தவர், விஷயத்தைச் சொன்னதும் இப்போது அடிக்கடி எட்டிப் பார்த்து, "தம்பி இருக்கியா?" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போகிறார். கதவைத் திறந்து வைத்தால் எரியும்தான், ஆனால் ஹாலில் ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. ஸ்வெட்டர் எங்கே வாங்கினீர்கள் சுந்தரி?